பல்லாவரத்து மலையடியில் ஆதியும் அநாதியும்

பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம், பம்மல் வழியாகத் தாம்பரத்தை நோக்கி, ரயில் பாதையைவிட்டு அதிகம் விலகாமல் விட்டுவிட்டுத் தலைகாட்டிச் செல்லும் கருங்கற் குன்றுகளை, மின்சார ரயிலில் போய்வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜல்லிக்கல் வெட்டிய குவாரிகளாகவும், மேலே ஒரு மாதா கோயிலோ சிவாலயமோ தர்காவோ உள்ள இடங்களாகவும் மட்டுமே அறிந்திருப்பார்கள். ஆனால் பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா, அதைத் தொடக்கியவனுக்குத் தொடக்கம் உண்டா, தொடக்கம் இல்லையென்றால் எது இல்லாமலிருந்த காலமே இல்லை என்ற வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இக்குன்றுகளின் அடிவாரத்தைச் சுற்றியே பல உருவங்களில் எழுந்து வந்திருக்கிறது. ஒருமுறை அது கல்லின் வழியாக வந்தது. ஒருமுறை கலாசாலையின் வழியாக வந்தது. எல்லாவற்றினும் ஆழமாக, ஒரு தமிழாசிரியரின் துறவு வாழ்க்கை வழியாக வந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லிலிருந்து தொடங்குவதே முறை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், பல்லாவரத்து இராணுவக் குடியிருப்பின் கவாத்து மைதானத்தை அடுத்துச் செம்பூராங்கல் சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில், மனிதன் கைப்பட்டு உருவான ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்ததற்கு அறிஞருலகம் ஏற்றுக்கொண்ட முதற் சான்று அதுவே. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். டார்வினின் நூல் வெளிவந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன, மனித இனத்தின் தொன்மையைப் பற்றி லயெல் எழுதிய நூல் அதே 1863-இன் தொடக்கத்தில்தான் வெளியாயிற்று, உலகம் கி.மு. 4004-இல் சிருஷ்டிக்கப்பட்டது என்று பதினேழாம் நூற்றாண்டில் ஐரிஷ் பேராயர் அஷர் கணித்த கணக்கோ, ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அப்போதும் அச்சாகிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் அந்தக் கணக்கைக் குலைத்துக்கொண்டிருந்த அதே வகைக் கல்லாயுதம் பல்லாவரத்துச் செம்மண்ணிலிருந்தும் வெளிப்பட்டது. நான்கு மாதத்துக்குள் ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது சொல்லலாம் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த ஃபூட்டின் குடும்பத் தொடர்பொன்று, நம் விஷயத்தோடு வியக்கத்தக்க வகையில் பின்னிக்கிடக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சபையின் பாடசாலையை நடத்தி, ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். சிருஷ்டி வரலாற்றோடு தொடங்கும் ஒரு வேதத்துக்குத் தமிழுரு கொடுக்கும் பணியில் உதவிய நாவலர், பின்னர் அநாதியான பதியாகிய இறைவனையும் அநாதியான உயிர்களையும் பேசும் சைவத்தின் முதன்மைக் காவலராக நின்றார். பெர்சிவலின் மருமகனோ, சிருஷ்டிக்கு நாள் குறித்த கணக்கு நிற்கவொண்ணாது என்பதற்கான சான்றைப் பல்லாவரத்தில் கையிலெடுத்தார். இம்மூவரும் ஒருவரையொருவர் மறுப்பதற்காகவே தோன்றியவர்கள் என்று எண்ணுதல் தகாது. மூவரும் தத்தம் துறையில் மிக நேர்மையோடு உழைத்தவர்கள். அந்த நேர்மையே இவ்வினாவை வளர்த்தது.

நாவலர் 1879-இல் மறைந்தார். அவருக்குப் பின் சென்னையில் சைவ சித்தாந்தத்தை மேடைதோறும் நிலைநாட்டியவர் சூளை சோமசுந்தர நாயகர். உலகம் வெறுந்தோற்றம், பிரமம் ஒன்றே மெய் என்ற ஏகான்ம வாதத்தை அவர் கண்டித்துப் பேசியபோது, எதிர்த்தவர்களுக்கு விடையாக நாகப்பட்டினத்துப் பத்திரிகையொன்றில் புனைபெயரில் கட்டுரைகள் எழுதிய இளைஞர் ஒருவர் அவருடைய அன்புக்கு உரியவரானார். அவ்விளைஞரே 1876-இல் பிறந்த வேதாசலம் பிள்ளை, பிற்காலத்து மறைமலையடிகள். நாயகரின் தூண்டுதலால் சென்னைக்கு வந்த வேதாசலம், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1897-இல் தொடங்கிய சித்தாந்த தீபிகைப் பத்திரிகையில் சில காலம் பணிசெய்தார். பிறகு 1898-இல் கிறிஸ்தவக் கலாசாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். பரிதிமாற்கலைஞர் என்று பிற்காலத்தார் போற்றும் சூரியநாராயண சாஸ்திரியார் அப்போது அங்கே தமிழ்த்துறைக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார்.

கலாசாலை அக்காலத்தில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. வில்லியம் மில்லர் வளர்த்த அந்த நிறுவனத்தில், ஒரு வகுப்பறையில் ஸ்காத்லாந்துப் பேராசிரியர் ஒருவர், கடவுள் ஒருவரே அநாதி, உலகையும் உயிர்களையும் அவர் சூனியத்திலிருந்து தம் சங்கற்பத்தால் உண்டாக்கினார் என்ற கொள்கையில் ஊன்றி நின்று தத்துவம் கற்பிப்பார். அதே கட்டடத்தில் திருநீறணிந்த தமிழாசிரியர் ஒருவர், சூனியத்திலிருந்து எதுவும் வராது என்பதை முதற்படியாகக் கொண்ட சாஸ்திரத்தை மனத்தில் தாங்கிச் சங்க இலக்கியம் நடத்துவார். கலாசாலை அவருடைய சமயப் பணிக்குக் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. ஞானசாகரம் என்ற பத்திரிகையை 1902-இலும், சைவ சித்தாந்த மகா சமாஜத்தை 1905-இலும், அங்கே சம்பளம் பெற்ற காலத்திலேயே அவர் தோற்றுவித்தார். மில்லரின் காலத்து மிஷனரிமாருக்கு இருந்த அந்தப் பெருந்தன்மையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

வேதாசலம் கைக்கொண்ட சாஸ்திரம் இவ்வினாவுக்கு என்ன விடை கூறுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் தமிழில் எழுந்த தத்துவ நூல்களில் இவ்வளவு செறிவாக இதனை ஆராய்ந்தது மெய்கண்டாரின் சிவஞான போதத்தைப் போல் வேறொன்றில்லை என்பது என் துணிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய அந்நூல் பன்னிரண்டே சூத்திரங்களைக் கொண்டது. அதன் முதற் சூத்திரமே பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றியது. கண்ணுக்குப் புலப்படும் உலகின் பகுதிகள் தோன்றுகின்றன, நிற்கின்றன, அழிகின்றன; பகுதிக்கு உள்ள இயல்பு முழுமைக்கும் உரியது; ஆதலால் உலகம் ஒரு காரியப் பொருள். காரியமென்றால் அதைச் செய்த கர்த்தா ஒருவன் உண்டு. எல்லாவற்றையும் ஒடுக்குகிறவன் எவனோ அவன் மட்டுமே ஒடுக்கத்துக்குப் பின்னும் எஞ்சி நிற்பவனாதலால், மீண்டும் தோற்றுவிக்கிற முதல்வனும் அவனே ஆவான். இது வரையில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியரும் பெரும்பாலும் உடன்படுவார்.

அடுத்த அடியில்தான் வழிகள் பிரிகின்றன. குயவன் குடம் வனைவதற்கு மண்ணும் வேண்டும், தண்டசக்கரமும் வேண்டும் என்ற பழைய உவமையைச் சித்தாந்திகள் எடுத்துக்கொள்கிறார்கள். மண்ணைப் போல முதற்காரணமாக இருப்பது மாயை. தண்டசக்கரம் போலத் துணைக்காரணமாக இருப்பது இறைவனின் சக்தி. நிமித்த காரணன் இறைவன். உலகம் என்கிற குடத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது மீளவும் மீளவும் வனையப்படுகிறது. மாயை என்கிற மண்ணுக்கோ தொடக்கம் இல்லை. உயிர்களும் படைக்கப்பட்டவை அல்ல. அவை இறைவனோடு என்றும் உள்ளவை. அவற்றின் அறிவை மறைத்திருக்கிற ஆணவ மலமும் அவ்வாறே என்றும் உள்ளது. பிறகு சிருஷ்டி எதற்கு? இருளில் கிடக்கும் உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகமும் அனுபவமும் கொடுத்து, அவற்றின் மலம் பக்குவப்படும்படி செய்வதற்கே. ஆகவே, படைப்பு இறைவனுக்கு ஒரு தேவையால் எழுந்ததும் அன்று, காரணமற்ற விளையாட்டும் அன்று, அது அருள். இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அதன் பெருமை குறைவதில்லை. உலகம் ஏன் தொடங்கியது என்பதற்குக் காலக்கணக்கால் விடை சொல்லாமல் கருணையால் விடை சொன்ன தத்துவம் அது.

காலத்தைப் பற்றி அச்சாஸ்திரம் கூறுவது இன்னும் நுட்பமானது. முப்பத்தாறு தத்துவங்களை எண்ணுமிடத்தில், காலத்தையும் அசுத்த மாயையிலிருந்து தோன்றிய தத்துவங்களில் ஒன்றாக வைத்துவிட்டார்கள். காலம் தோன்றிய ஒரு பொருளென்றால், காலத்தைத் தோற்றுவித்தவனுக்கு முன்னே என்ன இருந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை. முன், பின் என்ற சொற்களே அதற்குப் பிறகுதான் உயிர்பெறுகின்றன. கடவுளைப் படைத்தவர் யார் என்று சிறுவர்களும் சில வேளை பெரியவர்களும் கேட்கிற கேள்விக்குச் சித்தாந்தியின் விடை இதுவே. கி.பி. 430-இல் காலமான அகஸ்தீனும், உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலத்தோடு சேர்ந்தே படைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். வட ஆப்பிரிக்காவிலிருந்த ஒரு கிறிஸ்தவ ஆயரும், எட்டு நூற்றாண்டுக்குப் பின் பெண்ணையாற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்த ஒரு சைவ ஞானியும், ஒருவரையொருவர் அறியாமல் இவ்வளவு அருகே வந்து நின்றிருக்கிறார்கள்.

மிஷனரிமார் எழுப்பிய ஆட்சேபம் இலேசானதன்று. மாயையும் உயிரும் இறைவனைப் போலவே அநாதியென்றால், இறைவனுடைய முழுமுதன்மை குறைந்துபோகாதா? தனக்கு முன்பே கிடந்த பொருளைக்கொண்டு வேலைசெய்கிறவன் சிற்பியே ஒழியச் சர்வவல்லவன் ஆவானா? சித்தாந்திகள் இதற்குச் சொன்ன மறுமொழி, தொடக்கமின்மை வேறு, சுதந்திரம் வேறு என்பதாகும். மூன்றும் அநாதியே, ஆயினும் பதி ஒன்றே தன்வயமுடையது, ஏனைய இரண்டும் அதன் ஆணையின்றி அசையமாட்டா. பின்னர் அவர்களும் ஓர் ஆட்சேபத்தைத் திருப்பிக் கேட்டார்கள்: உயிரைச் சூனியத்திலிருந்து இறைவனே உண்டாக்கினான் என்றால், அவ்வுயிரிடத்தே காணும் அறியாமைக்கும் தீமைக்கும் பொறுப்பாளி யார்? மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரமே என்று கிறிஸ்தவர் கூறுவர். அந்தச் சுதந்திரத்தைத் தவறான வழியில் செலுத்தும் நாட்டம் எங்கிருந்து வந்தது என்று சித்தாந்தி மறுபடியும் கேட்பார். இரு திறத்தாருக்கும் இடையே பதின்மூன்றாம் நூற்றாண்டு தாமஸ் அக்வினாஸ் ஒரு பாலம் போட்டு வைத்திருந்தார். உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் ஏற்கலாமேயன்றி யுக்தியால் நிரூபிக்க முடியாது. என்றுமுள்ள ஓர் உலகமும் தன் இருப்புக்குக் கடவுளையே சார்ந்திருக்கக் கூடும் என்பது அவர் கருத்து. பிராட்டஸ்டண்ட் கலாசாலையொன்றில் அக்வினாஸை அக்காலத்தில் எவ்வளவு பேர் எடுத்துப் படித்திருப்பார்களோ! படித்திருந்தால் நல்லசாமிப் பிள்ளையோடு பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு பொதுநிலம் கிடைத்திருக்கும்.

ஆயினும் வேறொரு பொதுநிலத்தை அக்கலாசாலையிலேயே ஒருவர் உண்டாக்கினார். 1903-இல் தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், இந்து தரிசனங்களைக் குறைகாணும் பொருட்டுப் படிக்காமல் அவற்றின் உள்ளொழுங்கை அறியும் பொருட்டுப் படித்தவர். கர்மத்தையும் மீட்பையும் ஒருசேர ஆராய்ந்து 1909-இல் அவர் வெளியிட்ட நூலில், கர்மக் கொள்கையை மூடநம்பிக்கையென்று தள்ளாமல், நீதியால் நெய்யப்பட்ட ஒரு பிரபஞ்சத்தைப் பற்றிய கம்பீரமான சிந்தனையாக ஏற்று அதனோடு வாதாடினார். அவரிடம் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக எழுதிய ஆய்வுரை 1908-இல் அச்சேறிற்று. மாணவன் தன் கொள்கைக்கு எதிர்ப்புறம் நின்று எழுதியதை மனமார மெச்சி ஹாக் நற்சான்று வழங்கினார். உலகம் உண்மையாகவே தொடங்கிற்றா, அன்றிப் பிரமத்தின்மேல் தோன்றும் தோற்றமா என்ற விஷயத்தில் ராதாகிருஷ்ணனும் வேதாசலமும் ஒருநாளும் ஒத்துப்போயிருக்க முடியாது. ஹாக்குக்கோ இருவரோடும் உடன்பாடில்லை. மூவரும் ஒரே காலத்தில் ஒரே கூரையின் கீழ் உழைத்தார்கள்.

பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக இல்லாமல் செய்ததன் விளைவாக வேதாசலம் 1911-இல் கலாசாலையை விட்டு விலகி, குடும்பத்தோடு பல்லாவரத்துக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 27-இல் துறவு பூண்டு, சமரச சன்மார்க்க நிலையத்தை அங்கே நிறுவினார். சில ஆண்டுகளில் தனித்தமிழ்ப் பற்றினால் வேதாசலம் மறைமலையாகவும், ஞானசாகரம் அறிவுக்கடலாகவும், நிலையம் பொதுநிலைக் கழகமாகவும் பெயர்மாறின. பல்லாவரத்து வீட்டில் அவர் சேர்த்த மணிமொழி நூல்நிலையத்தில் சுமார் 4,000 நூல்கள் இருந்தன. சைவ சாஸ்திரங்களோடு ஆங்கிலத்தில் வெளிவந்த தத்துவமும் விஞ்ஞானமும் மனோதத்துவமும் அங்கே ஓரிடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மரணத்துக்குப் பின் மனிதர் நிலையைப் பற்றி எழுதியவர், மனிதருக்கு முன் உலகின் நிலையையும் அறிய விரும்பியதில் வியப்பில்லை.  

அவர் குடியிருந்த ஊரின் குன்றில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று அவனுடைய விருதுப்பெயர்கள் பொறித்த கல்வெட்டோடு இருக்கிறது. இப்போது அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். ஒரே குடைவரையில் வெவ்வேறு காலத்து மக்கள் ஒரே முதல்வனைத் தேடியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் வயதோ வேறொரு பிரமாணத்தைச் சேர்ந்தது. கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைமேல் பதித்திருந்த பலகைக்கல் இந்தச் சென்னைக் குன்றுகளின் இனத்தைச் சேர்ந்தது என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893-இல் அக்கல்வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் புவியியலார் வழங்கும் அப்பெயருக்கு மூலமாதிரியான பாறைகள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ளவை; பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

இவ்வெண்ணைக் கேட்டவுடன், புராணங்கள் பிரமனின் ஒரு பகலுக்கு 432 கோடி ஆண்டுகள் விதித்திருப்பதை நினைவுகூர்ந்து, நம் முன்னோர் விஞ்ஞானத்தை முன்பே அறிந்துவிட்டனர் என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் நான் பங்குகொள்ள மாட்டேன். யுகக்கணக்கு பாறையை அளந்து பெற்றதன்று. அதன் உண்மையான சிறப்பு வேறு: படைப்புக் கடவுளான பிரமனுக்கே நாளும் ஆயுளும் விதித்து, படைக்கிறவனும் தொடங்கி முடிகிறவனே என்று சொல்லத் துணிந்த சிந்தனை அதில் இருக்கிறது. அச்சிந்தனை பழகிய மனத்துக்கு ஃபூட்டின் கோடரியோ ஹாலந்தின் பாறையோ எந்த அதிர்ச்சியையும் தந்திருக்க நியாயமில்லை. 4004-இல் ஊன்றி நின்றவர்களுக்கே அது இடியாக விழுந்தது.

அடிகள் விட்டு வந்த கலாசாலை, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அவர் குடியிருந்த திசையிலேயே தேடி வந்ததுபோல் வந்து சேர்ந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. 1937-இல் ஹாக் முதல்வராக இருந்த காலத்தில், கிறிஸ்தவக் கலாசாலை நகரத்து நெரிசலை நீங்கித் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டு நிலத்தில் குடியேறிற்று. மறு ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அவ்வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470-க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அம்மாநாட்டுக்கென்றே எழுதிய பெருநூல், கிறிஸ்துவில் வெளிப்பட்ட தெய்வ வாக்குக்கும் மனிதர் தேடிக்கண்ட சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்றது. பிற சமயத்தாரிடமும் கடவுளோடு மெய்யான உறவு இருக்கக் கண்டேன் என்று, முப்பத்தைந்தாண்டு இம்மண்ணில் வாழ்ந்த ஹாக் அதை மறுத்தார். மாநாட்டுத் தொகுதிகளின் முதல் நூலில் அவர் கட்டுரை இடம்பெற்றிருக்கிறது. அவ்விவாதத்தை இறையியலார் இன்றும் தாம்பரத்தின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அந்நாளில் அங்கிருந்து ரயிலில் சிறிது தொலைவில், பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் எண்ணிய சைவப் பெரியார் ஒருவர் தம் நூல்களுக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்தார்.

அடிகள் 1950 செப்டம்பர் 15-இல் பல்லாவரத்தில் காலமானார். அவருடைய நூல்கள் 1958-இல் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. அதற்குள் வினாவை வானியலார் தம் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியத்துக் கத்தோலிக்க குருவும் கணித நிபுணருமான ஜார்ஜ் லெமேத்ர், பிரபஞ்சம் முழுவதும் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-இல் வெளியிட்டார். இன்றைய கணக்கு அவ்விரிவுக்கு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்கிறது. 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் சிருஷ்டிக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்ற பொருள்படப் பேசியபோது, லெமேத்ருக்கே அது உவப்பாக இல்லை. தம் கொள்கை சமயம், தத்துவம் ஆகியவற்றின் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நாத்திகனும் அதை ஏற்றுத் தன் வழியே போகலாம் என்பது அவர் நிலை.

இந்நிலையின் முற்பகுதியைச் சிவஞான போதம் பயின்றவர் தயக்கமின்றி ஒப்புக்கொள்வார். ஏனெனில் விரிந்தது எதுவோ அது அவருக்கு ஒரு காரியம், பலவற்றுள் ஒரு சிருஷ்டி. அதன் வயதைக் கணிப்பது கருவிகளின் வேலை. பிற்பகுதியை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தொடங்கியது என்று ஒன்றைப் பற்றிச் சொன்ன மாத்திரத்தில், தொடக்கியவன் யார், எதிலிருந்து தொடக்கினான், யார் பொருட்டுத் தொடக்கினான் என்ற மூன்று வினாக்களும் கூடவே எழுந்துவிட்டன என்றும், அவற்றை நாத்திகனும் கேட்டாக வேண்டும் என்றும் அவர் வாதிடுவார். நானும் அவர் பக்கத்தில் நிற்கிறேன்.